முதலில் எந்த நோய்

காந்தி ரோட்டில் இருக்கும் பெரிய பட்டுக் கடை ஒன்றில் ஏஞ்சல் சேலை எடுத்துக் காட்டும் வேலையில் இருந்தாள். கடைப் பெண்கள் உட்கார இடம் தரவேண்டும் என்று சட்டம் வந்த பிறகு முதலாளி கவுண்டருக்குப் பின்னால் ஸ்டூல் வாங்கிப் போட்டிருந்தார். கூட்டம் இல்லாத மத்தியான வேளையில் மற்றவர்கள் அதில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொள்வார்கள். ஏஞ்சல் உட்கார மாட்டாள். மடித்து வைத்த சேலையையே பிரித்து மறுபடி மடிப்பாள். அலமாரியில் நிறம் பார்த்து அடுக்கியதைக் கலைத்து வேறு மாதிரி அடுக்குவாள். வாசல்வரை போய் வெயிலைப் பார்த்துவிட்டுத் திரும்புவாள். ஏன் இப்படி அலைகிறாய் என்று யாராவது கேட்டால், உட்கார்ந்தால் யோசனை வருகிறது என்பாள்.

முன்பு அவள் இப்படி இல்லை. அண்ணன் ஜெபகுமார் செத்துப்போன பிறகுதான் இப்படி ஆனாள்.

முசரவாக்கத்தில் அண்ணன் வீடும் அவள் வீடும் ஒரே தெருவில் எதிரெதிரே இருந்தன. அவள் புருஷன் சத்யராஜும் உள்ளூர்க்காரன். மச்சான்கள் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் வேலைக்குப் போவார்கள். பாதி வருஷம் செங்கல் சூளை, மீதி நாளில் சவுக்கு வெட்டு, நெல் மூட்டை தூக்குவது. ஜெபகுமார் குடிக்க மாட்டான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போவான். நாற்பத்தி மூன்று வயதில் அவனுக்குச் சோறு பிடிக்காமல் போயிற்று. பிறகு கால் வீங்கியது, படுத்தால் மூச்சு முட்டியது. பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தவர்கள், இரண்டு கிட்னியும் சுருங்கிவிட்டது, டயாலிசிஸ் ஒன்றுதான் வழி என்றார்கள்.

சர்க்கரை இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை. பிரஷர் இருந்ததா? இல்லை. வலி மாத்திரை நிறைய சாப்பிடுவானா? எப்போதாவது ஒன்று. பிறகு எப்படி வந்தது என்று ஏஞ்சல் கேட்டாள். அந்த டாக்டர் நல்லவர். அவளை உட்காரவைத்துப் பொறுமையாகவே சொன்னார், வெயிலில் வேலை செய்கிற சிலருக்கு இப்படி வருகிறது, காரணம் தெரியவில்லை என்று.

ஜெபகுமார் அதற்குப் பிறகு இரண்டு மழைக்காலம்கூடப் பார்க்கவில்லை. ஆனால் ஏஞ்சலுக்கு அண்ணன் செத்ததைவிட அந்தத் "தெரியவில்லை" என்ற வார்த்தைதான் தொண்டையில் முள்ளாக நின்றது. தெரியாததை யாராவது தேடிக்கொண்டிருக்கிறார்களா, இல்லை தெரியாது என்று சொல்லிவிட்டு எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கிறார்களா? பஸ்ஸில் வரும்போதும் போகும்போதும் இதையே மனதுக்குள் கேட்டுக்கொண்டு வந்தாள். கிராம சபைக் கூட்டத்தில் குடிதண்ணீரும் தெருவிளக்கும் பேசிக்கொண்டிருந்தபோது எழுந்து இதைக் கேட்டாள். ஊராட்சித் தலைவர் கிராம நர்ஸ் கலைவாணியைப் பார்த்தார். கலைவாணி, மேலே எழுதிக் கேட்கிறேன் என்றாள். எல்லோரும் கைதட்டிக் கலைந்தார்கள்.

அது அப்படியே போயிருக்கும். ஆனால் சில மாதம் கழித்துச் சென்னையிலிருந்து ஒரு மருத்துவ ஆராய்ச்சிக் குழு காஞ்சிபுரம் பக்கம் வந்தது. அடுத்த மூன்று வருஷத்துக்கு இந்த ஊரிலும் சுற்றுப்பட்ட கிராமங்களிலும் ஏதாவது ஒரு நோயை எடுத்து முழுசாக வேலை செய்யப்போகிறோம், எந்த நோய் என்பதை நாங்களே முடிவு செய்யாமல் ஊர் ஜனங்களையும் உட்காரவைத்துக் கேட்கப்போகிறோம் என்றார்கள். கிராமத்துக்கு ஒருவர், தெருவுக்கு ஒருவர் என்று ஆள் கேட்டபோது கலைவாணிக்குக் கிராம சபை ஞாபகம் வந்தது. ஏஞ்சல் பெயரைக் கொடுத்தாள்.

முதல் கூட்டம் சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை கடையில் கூட்டம் அதிகம். இருந்தும் ஏஞ்சல் இன்னொருத்தியோடு முறையை மாற்றிக்கொண்டு வந்திருந்தாள். குழுவின் தலைவி டாக்டர் மங்கையர்க்கரசி. ஐம்பது வயதிருக்கும், குரலை உயர்த்தாமல் பேசுகிறவர். எடுத்த எடுப்பிலேயே கசப்பானதைச் சொன்னார். இங்கே இருக்கிற நோய்கள் எல்லாமே பெரிய நோய்கள்தான், எங்களிடம் இருக்கிற ஆளும் பணமும் ஒன்றுக்குத்தான் போதும், இரண்டாகப் பிரித்தால் இரண்டும் அரைகுறையாகும், அதனால் ஒருவருடைய கஷ்டத்துக்குச் சரி என்றால் இன்னொருவருடைய கஷ்டத்துக்கு இப்போதைக்கு இல்லை என்று சொல்லப்போகிறோம், அதைத் தெரிந்துகொண்டு பேசுங்கள் என்றார்.

பிள்ளையார்பாளையத்திலிருந்து வந்திருந்த கலியாணசுந்தரம் முதலில் பேசினார். தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டே முட்டி இரண்டும் போனவர். பேசுவதற்கு எழுந்திருக்கவே பெஞ்சைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. எங்கிருந்தெல்லாமோ வந்து சேலையைப் போட்டோ எடுக்கிறார்கள், தறியை எடுக்கிறார்கள், என் முட்டியை ஒருத்தரும் எடுக்கவில்லை என்றார். சபை சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. இடுப்பும் கண்ணும் முட்டியும் போன நெசவாளிகள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள், அதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டு உட்கார்ந்தார்.

அடுத்தது ஜோஹரா. ஜரிகை வியாபாரம் செய்கிற குடும்பம். அவள் புருஷன் ஷரீஃபுக்கு நாற்பத்தி ஆறு வயதில் வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. ரத்தக்கொதிப்பு இருந்தது அதற்கு முன்பே தெரியும், மாத்திரையும் கொடுத்திருந்தார்கள், நன்றாகத்தானே இருக்கிறேன் என்று அவர் நிறுத்திவிட்டார், நிறுத்தியது யாருக்கும் தெரியவில்லை என்றாள். எங்கள் தெருவில் இப்படி எத்தனை பேர் என்று கேட்டுப் பாருங்கள் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டாள்.

ஏஞ்சல் பேசியபோது அவளுக்கே அவள் குரல் அதிகப்படியாகக் கேட்டது. அண்ணன் கதையைச் சொன்னாள். காரணம் தெரிந்த நோய்க்கு மாத்திரை இருக்கிறது, டாக்டர் இருக்கிறார்கள், காரணமே தெரியாத நோய்க்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். டாக்டர் மங்கையர்க்கரசி நிமிர்ந்து பார்த்து ஏதோ குறித்துக்கொண்டார்.

கடைசியில் இந்த மூன்றும்தான் நின்றன. நெசவாளிகளின் உடம்பு, ரத்தக்கொதிப்பு, காரணம் தெரியாத கிட்னி நோய். மழைக்கு முன்னால் இன்னொரு கூட்டம். அன்றைக்கு ஊர் சார்பில் வந்த ஒவ்வொருவர் கையிலும் எண்ணி ஒரு பிடி புளியங்கொட்டை கொடுப்பார்கள். நோய்க்கு ஒன்றாக மூன்று சட்டி வைத்திருப்பார்கள். அவரவருக்கு நியாயம் என்று பட்டபடி போடலாம், ஒன்றிலேயே போடலாம், பிரித்தும் போடலாம், எந்தச் சட்டியில் அதிகமோ அந்த நோய்.

அன்றிலிருந்து ஏஞ்சலுக்கு நிலைகொள்ளவில்லை. நோயாளிகளின் எண்ணிக்கை பார்த்தால் கிட்னி தோற்றுவிடும் என்று அவளுக்குத் தெரிந்தது. நோயாளிகளைக் கண்டுபிடித்துக் கூட்டத்துக்கு அழைத்துப் போனால் பார்க்கிறவர்களுக்கு மனம் மாறும் என்று நினைத்தாள். அண்ணி சுகாசினியைக் கூட்டிக்கொண்டு முசரவாக்கத்திலும் பக்கத்து ஊர்களிலும் வீடு வீடாகப் போனாள். சுகாசினி அதிகம் பேசாதவள். புருஷன் போன பிறகு நூறு நாள் வேலைக்குப் போய்க்கொண்டு, மகள் படிப்பைப் பார்த்துக்கொண்டு, யாரிடமும் ஒன்றும் கேட்காமல் இருந்தவள். இந்த அலைச்சலில் அவளுக்குப் புதிதாக ஒரு வேகம் வந்திருந்தது. கதவைத் தட்டியதும் அவளே முதலில் கேட்டாள், உங்கள் வீட்டில் கிட்னிக்கு வைத்தியம் பார்க்கிறவர்கள் உண்டா என்று.

கிடைத்தார்கள். நினைத்ததைவிட அதிகம் பேர் கிடைத்தார்கள். எல்லோரும் வெயிலில் வேலை செய்தவர்கள், அதிகம் வயதாகாதவர்கள். ஆனால் வேறொன்றும் நடந்தது. தட்டிய கதவுகளில் பாதிக்குமேல், எங்கள் வீட்டில் அது இல்லை, இது இருக்கிறது என்றார்கள். பக்கவாதம் வந்து படுத்திருப்பவர், நெஞ்சு வலி வந்து நடு வழியில் விழுந்தவர், மாத்திரையை விட்டவர், எப்போதும் தலைச்சுற்றல் என்பவர். ஏஞ்சல் சரி சரி என்று தலையாட்டிவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தாள்.

சின்னப்பையன் என்று ஒரு சூளைத் தொழிலாளி. வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். அவன் கூட்டத்துக்கு வர ஒப்புக்கொண்டு பேசிக்கொண்டிருக்கும்போது உள்ளே பாயில் ஒரு பெண் படுத்திருப்பது தெரிந்தது. ஏஞ்சல் வயதுதான் இருக்கும். ஒரு கை துணிபோலக் கிடந்தது. யார் என்று ஏஞ்சல் கேட்டாள். தங்கச்சி ரேணுகாம்பாள், அவளுக்கு வாதம் அடித்து வருஷமாகிறது என்றான் சின்னப்பையன். ஏதாவது பார்த்தீர்களா என்றாள். அது வாதம்தானே, அதற்கென்ன பார்க்கிறது என்றான் அவன். சொன்னதில் கொடுமை ஒன்றும் இல்லை. மழை பெய்தால் சேறாகும் என்று சொல்வதுபோலச் சொன்னான். பஸ் வந்துவிடும் என்று சுகாசினி கையைப் பிடித்து இழுத்தாள். ஏஞ்சல் போனாள். போகும்போது அந்தப் பெண் தன்னைப் பார்த்ததை முதுகில் உணர்ந்தாள்.

அந்த வாரம் கடையில் அவள் ஒரு கல்யாண கோஷ்டிக்குச் சொன்ன விலையை மாற்றிச் சொல்லித் திட்டு வாங்கினாள்.

வேலை முடிந்து ஒருநாள் பிள்ளையார்பாளையத்துக்கு நடந்தே போய்க் கலியாணசுந்தரத்தைப் பார்த்தாள். நெசவாளிகள் உடம்பு எப்படியும் தோற்கப்போகிறது, உங்கள் கொட்டைகளைக் கிட்னிக்குப் போட்டால் நாம் ஜெயிக்கலாம் என்று கேட்டாள். அவர் தறியை விட்டு எழாமல் கேட்டுக்கொண்டிருந்தார். தோற்றால் தோற்கட்டும்மா, என் சட்டியில் நானே போடவில்லை என்றால் யார் போடுவார்கள் என்றார்.

ஜோஹரா வீட்டுக்கும் அதே எண்ணத்தோடுதான் போனாள். ஷரீஃப் வராந்தாவில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நல்ல உயரமான ஆள். வெள்ளைச் சட்டை, நேர்த்தியாகச் சீவிய தாடி. ஜோஹரா அவளை அறிமுகம் செய்துவைத்தபோது அவர் எழுந்து நின்று வரவேற்க முயன்றார். முடியவில்லை. அவள் பெயரைச் சொல்ல வாயைக் கோணினார். ஏ என்று வந்தது. அதற்குமேல் வரவில்லை. மறுபடி ஏ. நெற்றி வேர்த்தது. ஜோஹரா தடுக்கவில்லை. அவர் சொல்லி முடிக்கட்டும் என்று காத்திருந்தாள். கடைசியில் அவர் கண்ணை மூடிக்கொண்டு தலையைத் திருப்பிக்கொண்டார்.

உள்ளே டீ கொடுத்தபடி ஜோஹரா கேட்டாள்.

"எங்கிட்ட கிட்னிக்குப் போடச் சொல்லிக் கேக்கத்தான வந்தீங்க?"

ஏஞ்சல் ஆமாம் என்றாள்.

"உங்க அண்ணனுக்கு ஏன் வந்துச்சின்னு யாருக்கும் தெரியல. இவருக்கு ஏன் வந்துச்சின்னு எல்லாருக்கும் தெரியும்மா. ஆஸ்பத்திரியில தெரியும், மாத்திரைக் கடையில தெரியும், எனக்கே தெரியும். தெரிஞ்சிக்கினு எல்லாரும் சும்மா இருந்தோம். எது பெரிய பாவம்னு நீங்களே சொல்லுங்க."

ஏஞ்சல் தம்ளரைக் கீழே வைத்தாள். ஜோஹரா கோபமாகப் பேசவில்லை. ஜரிகைப் பெட்டிக்கு மூடி போட்டபடியே, பதிலை எதிர்பார்க்காமல் பேசினாள். வெளியே வரும்போது ஷரீஃப் மறுபடி எழுந்திருக்கப் பார்த்தார். ஏஞ்சல் வேகமாகக் கும்பிட்டுவிட்டுத் தெருவில் இறங்கினாள்.

கூட்டத்துக்கு முந்தின வாரம் டாக்டர் மங்கையர்க்கரசிக்குப் போன் செய்தாள். கடைக்குப் பின்னால் துணிப்பெட்டிகள் அடுக்கிய சந்தில் நின்றுகொண்டு, கிட்னியை எடுத்தால் மூன்று வருஷத்தில் காரணத்தைக் கண்டுபிடித்துவிடுவீர்களா என்று கேட்டாள்.

டாக்டர், எத்தனை பேருக்கு இருக்கிறது என்று சொல்லிவிட முடியும், சீக்கிரமே வந்தவர்களைக் கண்டுபிடிக்க முடியும், காரணம் வெயிலா தண்ணீரா பூச்சிமருந்தா என்பது இந்த மூன்று வருஷத்தில் தெரியும் என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது என்றார். ரத்தக்கொதிப்பை எடுத்தால் என்று ஏஞ்சல் கேட்டாள். அதில் கண்டுபிடிக்க ஒன்றும் இல்லை, மாத்திரையை விடாமல் சாப்பிடவைக்க வேண்டும், அவ்வளவுதான், அதைச் செய்தால் அடுத்த வருஷத்திலேயே சில பேர் விழாமல் இருப்பார்கள் என்றார்.

"அந்த சில பேரு யாருன்னு தெரியுமா மேடம்?"

"தெரியாதும்மா. விழாதவங்க யாருன்னு எப்பவுமே தெரியாது."

நீங்கள் எதற்குப் போடுவீர்கள் என்று ஏஞ்சல் கேட்டபோது, எனக்குக் கொட்டை கிடையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

கூட்ட நாளன்று சுகாசினி நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்தாள். சின்னப்பையனும் இன்னும் சில நோயாளிகளும் வேன் பிடித்து வந்து பள்ளிக்கூட ஹாலில் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். உடம்பில் மருந்து வாசனையும் முகத்தில் களைப்புமாக அவர்கள் உட்கார்ந்திருந்ததே எல்லோரையும் பேச்சடங்க வைத்தது. சின்னப்பையன் எழுந்து தன் கையில் டயாலிசிஸ் ஊசி போடுகிற இடத்தைக் காட்டினான். காரியம் கைகூடிவிடும் என்று சுகாசினி முகத்தில் தெரிந்தது.

மூன்று மண்சட்டிகளை மேஜைமேல் வரிசையாக வைத்திருந்தார்கள். ஒவ்வொருவராகப் போனார்கள். கலியாணசுந்தரம் தன் பிடி முழுவதையும் நெசவாளிகள் சட்டியில் கொட்டிவிட்டு முட்டியைப் பிடித்துக்கொண்டு திரும்பினார். ஜோஹரா தன்னுடையதில் கொஞ்சத்தைக் கிட்னியில் போட்டதை ஏஞ்சல் பார்த்தாள். பார்க்காமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பிறகு நினைத்தாள்.

அவள் முறை வந்தது. கிட்னிச் சட்டிமுன் நின்றாள். அண்ணன் கடைசி நாட்களில் காலை ஊன்ற முடியாமல் சுவரைப் பிடித்து நின்றது மனதில் வந்தது. கூடவே அந்தப் பாயும், துணிபோலக் கிடந்த கையும், ஏ என்று நின்றுபோன பெயரும் வந்தன. பார்க்காமல் கடந்துபோன கதவுகள் வந்தன. கையிலிருந்ததில் பாதியைக் கிட்னியில் போட்டாள். மீதியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். பின்னால் நின்றவர் செருமினார். ஏஞ்சல் பக்கத்தில் நகர்ந்து மீதியை ரத்தக்கொதிப்புச் சட்டியில் போட்டாள். கொட்டைகள் சட்டியில் விழுந்த சத்தம் ஹால் முழுவதும் கேட்டதுபோல் அவளுக்கு இருந்தது.

கிட்னி ரத்தக்கொதிப்பிடம் மிகச் சிறிய வித்தியாசத்தில் தோற்றது. அவள் எல்லாவற்றையும் போட்டிருந்தால் ஜெயித்திருக்கும். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. திரும்பிப் பார்த்தபோது சுகாசினி நாற்காலி காலியாக இருந்தது.

ஓடிப்போய்ப் பள்ளிக்கூட வாசலில் பிடித்தாள்.

"அண்ணி, ஒரு நிமிஷம் நில்லுங்க."

சுகாசினி நின்றாள். திரும்பவில்லை.

"ஊரான் வூட்டு எழவுக்கெல்லாம் பாவம் பாக்கற. உங்கூடப் பொறந்தவன் ஒனக்கு ஊரானாப் பூட்டான், இல்ல?"

பிறகு அவள் வேனில் ஏறிக்கொண்டாள். ஏஞ்சல் தனியாகப் பஸ்ஸில் வந்தாள்.

எதிர்வீடு. காலையில் கதவைத் திறந்தால் முகத்தில்தான் விழிக்க வேண்டும். சுகாசினி வாசல் பெருக்கும் நேரத்தை மாற்றிக்கொண்டாள். கிறிஸ்துமஸுக்கு அந்த வீட்டிலிருந்து பலகாரம் வரவில்லை. தெருவில் வேறு பேச்சும் கிளம்பியது, டவுனில் வேலை செய்கிறவள், டவுன்காரர்கள் பக்கம் சாய்ந்துவிட்டாள் என்று. சத்யராஜ் ஒருநாள் சாப்பிடும்போது, நீ செய்தது தப்பா சரியா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை, ஆனால் அண்ணி வந்திருக்கிற நாளில் செய்திருக்க வேண்டாம் என்றான். வேறு எந்த நாளில் செய்வது என்று ஏஞ்சல் கேட்டாள்.

ரத்தக்கொதிப்பு வேலை ஆரம்பமாயிற்று. ஜோஹரா தன் தெருவிலும் அடுத்த தெருக்களிலும் கிளம்பிவிட்டாள். யார் மாத்திரை வாங்கவில்லை என்று பார்த்து வீட்டுக்கே போய் நின்றாள். ஏஞ்சல் தன் முதலாளியிடம் நச்சரித்துக் கடைக்குள்ளேயே நர்ஸ் வந்து எல்லோருக்கும் பிரஷர் பார்க்க ஏற்பாடு செய்தாள். கேஷில் இருந்த குமரகுருவுக்கு மீட்டர் முள் மேலே போய் நின்றதைப் பார்த்து நர்ஸ் மறுபடி பார்த்தாள். அவர் சிரித்துக்கொண்டே, எனக்கு ஒன்றும் செய்யவில்லையே என்றார். ஒன்றும் செய்யாதபோதுதான் மாத்திரை போட வேண்டும் என்று ஏஞ்சல் அவரிடம் எரிந்து விழுந்தாள். அவர் பயந்து மாத்திரை போட ஆரம்பித்தார். விழாதவர்களில் அவரும் ஒருவரா என்று யாருக்கும் தெரியாது.

இதில் அவளுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. போட்ட பாதிக்காகவும் போடாத பாதிக்காகவும் மனம் அடித்துக்கொண்டது. டாக்டர் மங்கையர்க்கரசி ஊருக்கு வரும்போதெல்லாம் அவர் காரை மறித்து, கிட்னிக்கு வேறு எங்காவது பணம் கேட்டீர்களா என்பாள். கேட்டார். முதலில் ஓர் இடத்தில் இல்லை என்றார்கள். எண்ணிக்கை குறைவு, இது முன்னுரிமை இல்லை என்று பதில் வந்ததாம். எண்ணாமல் எப்படிக் குறைவு என்று தெரியும் என்று ஏஞ்சல் கேட்டாள். அதே கேள்வியைத்தான் நானும் திருப்பி எழுதியிருக்கிறேன் என்று டாக்டர் சொன்னார். இரண்டாவது வருஷம் பாதியில் வேறொரு இடத்திலிருந்து சிறிய உதவி கிடைத்தது. முசரவாக்கத்திலும் அக்கம்பக்கத்திலும் வெயிலில் வேலை செய்கிறவர்களுக்கு மட்டும் ரத்தமும் சிறுநீரும் எடுத்துப் பார்ப்பது, சூளைகளில் நிழலும் தண்ணீரும் ஓய்வும் கொடுத்தால் மாறுகிறதா என்று பார்ப்பது.

முகாம் நடந்த அன்று காலையில் சமுதாயக் கூடத்தில் நர்ஸுகள் உட்கார்ந்திருந்தார்கள். வெளியே ஆட்கள் நின்றிருந்தார்கள். யாரும் உள்ளே வரவில்லை. ரத்தம் எடுத்து விற்கிறார்கள் என்று ஒருவன் சொன்னான். இத்தனை நாள் இல்லாத அக்கறை இப்போது எதற்கு என்று இன்னொருவன் கேட்டான். ஏஞ்சல் போய்க் கூப்பிட்டபோது சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவள் திரும்பி வந்து கூடத்துக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள்.

சுகாசினி வந்தாள். யாரையும் பார்க்காமல் நேராக உள்ளே போய் நர்ஸ் முன்னால் உட்கார்ந்து கையை நீட்டினாள். ஊசி ஏறும்போது வாசலைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்.

"எங்க வூட்டுக்காரருக்கு இத்த முன்னாடியே எடுத்திருந்தா தெரிஞ்சிருக்கும். வர்றவங்க வாங்க. வராதவங்க அப்பறம் எங்கிட்ட வந்து அழாதீங்க."

வந்தார்கள். மத்தியானத்துக்குள் கூட்டத்தைச் சமாளிக்க முடியவில்லை. ஏஞ்சல் பெயர் கேட்டு வரிசையில் நிறுத்தினாள். அண்ணியும் நாத்தனாரும் ஒரே கூடத்தில் இருந்தார்கள், பேசிக்கொள்ளவில்லை.

முடிவு வந்தபோது சத்யராஜுக்கும் இருந்தது. ஆரம்பம்தான், பாதிக்குமேல் நன்றாக வேலை செய்கிறது, வெயிலைக் குறைத்து, தண்ணீர் குடித்து, மாதாமாதம் பார்த்துக்கொண்டால் பல வருஷம் ஓட்டலாம் என்று டாக்டர் சொன்னார். ஏன் வந்தது என்று சத்யராஜ் கேட்டான். ஏஞ்சல் டாக்டரின் முகத்தையே பார்த்தாள். டாக்டர், இன்னும் தெரியவில்லை என்றார். இந்த முறை அந்த வார்த்தை அவளைக் குத்தவில்லை. தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்பது தெரிந்திருந்தது. ஆனால் பயம் புதிதாக வந்து உட்கார்ந்துகொண்டது. சூளை முதலாளி தென்னங்கீற்றுப் பந்தல் ஒன்று போட்டார், தண்ணீர் கேன் வைத்தார், மத்தியான ஓய்வை மட்டும் இழுத்தடித்தார். சத்யராஜ் சூளையை விட்டு டவுனில் ஒரு குடோனில் காவல் வேலைக்குப் போனான். புருஷன் முதுகில் செங்கல் தூள் இல்லாததைப் பார்க்க அவளுக்குச் சில நாள் விசித்திரமாக இருந்தது.

சத்யராஜ் விஷயம் தெரிந்த அன்று சாயங்காலம் சுகாசினி தெருவைக் கடந்து வந்தாள். உட்காரவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அன்னிக்கி நீ எல்லாத்தையும் கிட்னியிலயே போட்டிருந்தா, இவருக்கு ஒன்ற வருஷம் முன்னாடியே தெரிஞ்சிருக்கும்."

"தெரிஞ்சிருக்கும் அண்ணி."

"அத்த நெனச்சிப் பாத்தியா?"

"அத்தத்தான் நெனச்சிக்கினு இருக்கேன்."

சுகாசினி வேறு ஏதாவது சொல்வாள் என்று ஏஞ்சல் காத்திருந்தாள். மன்னிப்போ திட்டோ எதுவாக இருந்தாலும் பரவாயில்லை என்று இருந்தது. சுகாசினி கேட்டது வேறு. ஜோஹரா வீட்டுக்கார பாய் இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்டாள். கம்பு வைத்துக்கொண்டு மசூதிவரை நடக்கிறார், பேச்சு அவ்வளவாக வரவில்லை என்றாள் ஏஞ்சல். அந்த வாதம் அடித்த பெண், சின்னப்பையன் தங்கச்சி? ரேணுகாம்பாளுக்குக் கைப்பயிற்சி சொல்லிக்கொடுக்க ஆள் வருகிறது, தம்ளர் பிடிக்கிறாள். சுகாசினி தலையாட்டினாள். சின்னப்பையன் அந்த ஆனி மாதம் செத்துப்போனது இரண்டு பேருக்கும் தெரியும். அதைப் பற்றிப் பேசவில்லை.

அதன் பிறகு பேச்சு வார்த்தை உண்டு. முன்புபோல இல்லை. குழம்பு வந்தது, போனது. சத்யராஜை மாதப் பரிசோதனைக்கு அழைத்துப்போக ஏஞ்சலுக்கு லீவு கிடைக்காத நாளில் சுகாசினி போனாள்.

மூன்று வருஷம் முடிந்ததும் குழு மறுபடி ஆள் கேட்டது. அடுத்த மூன்று வருஷத்துக்கு எது என்று முடிவு செய்யப் புதிய கூட்டம், புதிய ஆட்கள். பழையவர்கள் உட்காரக் கூடாது என்று விதி. கலியாணசுந்தரம் இடத்துக்கு அவர் மருமகள் சங்கரி வந்தாள், மாமனார் முட்டியை விடுவதாக இல்லை. முசரவாக்கத்துக்கு யார் என்று கலைவாணி கேட்டபோது சுகாசினி தானாகவே பெயர் கொடுத்தாள்.

முதல் கூட்டத்துக்கு முந்தின நாள் ஏஞ்சல் அவளைப் பார்க்கப் போனாள். எப்படிப் பேசுவார்கள், சட்டி எப்படி வைப்பார்கள் என்றெல்லாம் சொன்னாள். பிறகு தயங்கித் தயங்கி, கொட்டை போடுவதற்கு முன்னால் மற்றவர்கள் வீட்டுக்கும் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் அண்ணி என்றாள்.

சுகாசினி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"நான் ஒருத்தர் வூட்டுக்கும் போவ மாட்டேன் ஏஞ்சலு. நீ போன. போயி இன்னா ஆச்சின்னு பாத்தேன்."

அது தப்பு என்று சொல்ல ஏஞ்சலுக்கு வாய் வரவில்லை. சரி என்று சொல்லவும் மனம் வரவில்லை. கொஞ்சநேரம் அவளோடு உட்கார்ந்து கீரை ஆய்ந்து கொடுத்தாள். பஸ்ஸுக்கு நேரமானதும் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, கடைக்குப் போகும் வழியில் ஜோஹரா வீட்டில் ஒரு நிமிஷம் இறங்கலாமா, வேண்டாமா என்று யோசித்தபடியே ரோட்டைப் பார்த்து நடந்தாள்.